0.94 வந்துவிட்டது, அப்புறம் என்ன?

எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டிருப்பது இது. செவிலிய மாணவிகள் தங்கள் தொழில்திறனைத் தாங்களே மதிப்பிட்டுக்கொள்ள உதவும், 35 வினாக்கள் கொண்ட ஸ்வீடன் அளவுகோல் ஒன்றை அவர் ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கியிருக்கிறார். ஆங்கில ஆசிரியர் ஒருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். ஐந்து நிபுணர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். 60 மாணவிகளிடம் கொடுத்துப் பார்த்ததில் வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா 0.94 வந்திருக்கிறது. கைடு "போதும்மா" என்கிறார். துறையிலுள்ள இன்னொரு பேராசிரியர் "வேலிடிட்டி எங்கே?", அதாவது அளக்க நினைத்ததைத்தான் இது அளக்கிறதா, என்று கேட்டுவிட்டார். கையில் நான்கு மாதம் இருக்கிறது. என்ன செய்வது? கிடைக்கும் சராசரியை ஸ்வீடன் மாணவிகளின் சராசரியோடு ஒப்பிடலாமா?

கேட்ட பேராசிரியரிடம் கோபப்படாதீர்கள். அவர் கேட்டது சரியான கேள்வி.

முதலில் அந்த 0.94. வினாக்களின் எண்ணிக்கை கூடக் கூட ஆல்ஃபா தானாகவே ஏறும். கணக்கு எளிது. வினாக்களுக்கு இடையே சராசரி ஒட்டுறவு (கோரிலேஷன்) 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒன்றும் பெரிய உறவு இல்லை. 35-ஐ 0.3-ஆல் பெருக்கினால் 10.5. அதை, ஒன்றுடன் 34 பெருக்கல் 0.3-ஐக் கூட்டி வரும் 11.2-ஆல் வகுத்தால் 0.94. உங்கள் எண் அப்படியே வந்துவிட்டது. அதே 0.3 உறவோடு ஐந்து வினாக்கள் மட்டும் இருந்தால் ஆல்ஃபா 0.68. ஆக, 0.94 என்பதில் பாதிப் பெருமை உங்கள் வினாத்தாளின் நீளத்துக்குச் சேர வேண்டியது. அந்த அளவுகோலில் பிரிவுகள் வேறு இருக்கும்போது மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஆல்ஃபா சொல்வதில் பொருளும் குறைவு. பிரிவுவாரியாகக் கணக்கிட்டுப் பாருங்கள், எண்கள் கொஞ்சம் இறங்கும். இறங்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாணவி ஒருத்தி தாளை வாங்கி, படிக்காமலேயே மேலிருந்து கீழே வரை 6, 6, 6 என்று டிக் அடித்துப் போனால், இன்னொருத்தி 4, 4, 4 என்று போனால், ஆல்ஃபா உயரும். படிக்காத மாணவிகள் நிறைந்த வகுப்பில் மிக அழகான ஆல்ஃபா கிடைக்கும். அந்த எண்ணால் நம்பகத்தன்மையின் ஒரு பக்கத்தைத்தான் காட்ட முடியும். தமிழ் வாக்கியத்தைப் படித்த பெண், அதை எழுதியவர் நினைத்ததைத்தான் நினைத்தாளா என்பது அதில் தெரியாது. வேலிடிட்டி, அதாவது ஏற்புடைமை, அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அளவுகோலின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. 35 வினா, ஸ்வீடன், மாணவிகள் என்றால் என்.பி.சி. (நர்ஸ் புரொஃபஷனல் காம்பிடன்ஸ்) அளவுகோலின் குறுவடிவமாகத்தான் இருக்க வேண்டும். அதன் முழு வடிவம் 2014-இல் 88 வினாக்கள், எட்டுப் பிரிவுகளோடு வந்தது. படிப்பை முடிக்கும் நிலையில் இருந்த 1,086 ஸ்வீடன் மாணவர்களை வைத்து உருவாக்கினார்கள். 88 வினாவுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல யாரால் முடியும்? 2018-இல் 35 வினாவாகச் சுருக்கினார்கள், பிரிவுகள் ஆறாயின: செவிலியப் பராமரிப்பு, விழுமியம் சார்ந்த பராமரிப்பு, மருத்துவ தொழில்நுட்பப் பராமரிப்பு, நோயாளிக்குக் கற்பித்தல், பதிவும் நிர்வாகமும், மேம்பாடும் தலைமையும். பலர் இதைப் பின்லாந்தின் 73 வினா அளவுகோலோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது 2004-இல் செவிலியக் கோட்பாட்டாளர் பேட்ரிசியா பென்னரின் கருத்துகளை அடியாகக் கொண்டு வேலையில் இருக்கும் நர்ஸ்களுக்காக வந்தது, இதிலிருந்து வேறு.

என்.பி.சி.யின் அடித்தளம், ஸ்வீடனில் பதிவுபெற்ற ஒரு நர்ஸுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு அரசு அமைப்பு வகுத்த வரையறை. அதாவது உங்கள் கையில் இருப்பது இன்னொரு நாட்டு நர்ஸின் வேலைப் பட்டியலிலிருந்து பிறந்த கேள்வித்தாள். ஸ்வீடிஷிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து தமிழ் என்று இரண்டு ஆறு தாண்டி வந்திருக்கிறது. மொழி மட்டும் மாறினால் போதாது, வேலையும் பொருந்த வேண்டும்.

எங்கே இடறும் என்று சில உதாரணங்கள் சொல்கிறேன். கீழே வரும் வாக்கியங்கள் அந்த அளவுகோலில் உள்ளவை இல்லை, மாதிரிக்கு நான் எழுதியவை. ஆனால் இடறல்கள் நிஜம். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கருவியைத் தமிழாக்கியபோது மாணவிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, "இதைச் சத்தமாகப் படி, என்ன தோன்றுகிறதோ சொல்லிக்கொண்டே பதில் போடு" என்று கேட்டேன். அதற்கு முன்னால் எனக்கும் என் தமிழாக்கம் பிரமாதம் என்றுதான் நினைப்பு.

"நோயாளிக்காக வாதாட உங்களால் முடியுமா?" என்று ஒரு வினா. அட்வகேட் என்பதற்கு நாங்கள் போட்ட சொல் அது. மூன்றாம் ஆண்டுப் பெண் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "டாக்டர்கிட்ட வாதாடணுமா மேம்?" என்றாள். வாதாடுவது திறமை என்று அவளுக்குத் தோன்றவில்லை, ஒழுங்கீனம் என்று தோன்றியது. 1 போட்டாள். ஆனால் அதே பெண், முந்தைய வாரம் வலியில் துடித்த ஒரு பாட்டிக்காக மூன்று முறை டியூட்டி டாக்டரைத் தேடிப் போனவள். கேள்வி கேட்ட திறன் அவளிடம் இருந்தது. வாக்கியம்தான் அதைத் தொடவில்லை.

"சுதந்திரமாகப் பராமரிப்பு அளித்தல்" என்று இன்னொன்று. யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்குச் செய்வது என்று புரிந்துகொண்டார்கள். வார்டில் அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். "ஆவணப்படுத்துதல்" என்றால் பெரும்பாலோருக்கு நினைவு வந்தது கல்லூரிக்கு எழுதிக் கொடுக்கும் ரெக்கார்டு நோட்டு. கேஸ் ஸ்டடி, அட்டை போட்டு, கலர் பேனாவில் அடிக்கோடு போட்டு. நாங்கள் கேட்டது வார்டில் எழுதும் நர்ஸஸ் நோட்ஸ். "முழுமையான பராமரிப்பு" என்றதும் ஒருத்தி சொன்னது: "குளிப்பாட்டி, பெட் மேக்கிங் பண்ணி, எல்லாம் முடிச்சிடறது." உடல், மனம், குடும்பம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் அணுகுமுறை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை, பாடத்தில் படித்திருக்கிறாள். அதை அவள் படித்த சொல் 'ஹோலிஸ்டிக்'.

எல்லாவற்றையும்விட என்னைத் திகைக்க வைத்தது 'முடியுமா' என்ற சாதாரணச் சொல். "நரம்பு வழி (ஐ.வி.) மருந்து செலுத்த உங்களால் முடியுமா?" என்று கேட்டால் தெரியுமா, வருமா என்று ஒரு பொருள். அனுமதி உண்டா, வாய்ப்பு கிடைக்குமா என்று இன்னொரு பொருள். "முடியாது மேம், சிஸ்டர் விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு ஒருத்தி 2 போட்டாள். அவளுடைய திறன் அந்த 2-இல் இல்லை. அந்த வார்டு இன்சார்ஜின் கண்டிப்புதான் இருந்தது. "வாய்ப்புக் கொடுத்தால் இதை எந்த அளவுக்கு நன்றாகச் செய்வீர்கள்?" என்று மாற்றிய பிறகுதான் சரியானது.

தலைப்பில் இருக்கும் சொல்லே கூட வழுக்கும். தகுதி என்றால் ப்ளஸ் டூ மார்க்கும் சான்றிதழும் நினைவுக்கு வரும். தேர்ச்சி என்றால் பாஸ், ஃபெயில். ஆற்றல் என்று போட்டால் உடம்பில் தெம்பு இருக்கிறதா என்பது போல ஒலிக்கும். திறன் பரவாயில்லை, ஆனால் பலருக்கு அது கைத்திறனோடு, ஊசி போடும் திறமையோடு நின்றுவிடுகிறது. அறிவு, கைப்பழக்கம், மனப்பாங்கு மூன்றும் சேர்ந்தது என்பதை முன்னுரையில் இரண்டு வரியில் சொல்லிவிட்டு 'தொழில்திறன்' என்று தொடருங்கள். இதற்கு ஒற்றைச் சொல் தேடி அலைவது வீண் என்பது என் அபிப்பிராயம்.

திரும்ப மொழிபெயர்ப்பு இதையெல்லாம் பிடித்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். பிடிக்காது. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் இந்த முறையை எழுதினார், இன்றும் எல்லோரும் அவர் பெயரைத்தான் சொல்கிறோம். ஆனால் திரும்ப மொழிபெயர்ப்பவர் கெட்டிக்காரராக இருந்தால் அதுவே ஆபத்து. "முழுமையான பராமரிப்பு" என்பதைப் பார்த்ததும் இது 'ஹோலிஸ்டிக் கேர்' என்று மோப்பம் பிடித்து எழுதிவிடுவார். மூலமும் திரும்பி வந்ததும் சொல்லுக்குச் சொல் பொருந்தும். உங்களுக்கும் கைடுக்கும் மகிழ்ச்சி. நடுவில் இருக்கும் தமிழ் மாணவிக்கு என்னவாகப் பட்டது என்பதை யாரும் கேட்கவில்லை. 2000-இல் பீட்டன் குழுவினர் சொன்ன நடைமுறையில் முன்மொழிபெயர்ப்பே இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஒருவருக்குத் துறை தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டையும் வைத்து ஒன்றாக்கி, இருவரைக் கொண்டு திரும்ப மொழிபெயர்த்து, குழுவாக உட்கார்ந்து பேசி, பிறகு 30 முதல் 40 பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு வினாவும் அவர்களுக்கு என்ன பொருள் தந்தது என்று விசாரிக்க வேண்டும். அந்தக் கடைசிப் படியைத்தான் நம் ஆய்வேடுகள் பெரும்பாலும் தாண்டிக் குதிக்கின்றன.

நம் ஊரில் அதற்குப் பதிலாக ஒரு சடங்கு இருக்கிறது. தமிழ் எடிட்டிங் சர்டிபிகேட். தமிழாசிரியர் ஒருவரிடம் டூலைக் கொடுப்போம், அவர் பிழை திருத்தி, சீல் வைத்துத் தருவார், பின்னிணைப்பில் சேரும். அவர்கள் மேல் குறை சொல்லவில்லை, ஒற்றும் சந்தியும் சரியாக இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தத் திருத்தத்தில் 'டிரிப்ஸ்' என்பது 'சிரைவழித் திரவம்' ஆகிவிடும், 'பி.பி.' போய் 'குருதி அழுத்தம்' வந்துவிடும். பி.எஸ்சி. நர்சிங் நம் ஊரில் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அந்தப் பெண் வீட்டில் தமிழ் பேசுகிறாள், வார்டில் நோயாளியிடம் தமிழ் பேசுகிறாள், தொழிலைப் பற்றி யோசிக்கும்போது மட்டும் பாதி ஆங்கிலத்தில் யோசிக்கிறாள். அவளுக்குத் தூய தமிழ் கேள்வித்தாள் ஆங்கிலத்தைவிடக் கடினமாக இருக்கலாம்.

அப்படியானால் தமிழாக்கமே எதற்கு என்ற கேள்விக்கு வைவாவில் உங்களிடம் பதில் இருக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர்களுக்கான கருவி என்றால் யாரும் இப்படிக் கேட்கப்போவதில்லை. பி.எஸ்சி. மாணவிகள் என்றால் கேட்பார்கள். என் பதில் இதுதான்: தன்னைப் பற்றிய மதிப்பீடு மனசுக்குள் நடப்பது. 'என்னால் இது நன்றாக வரும், இது வராது' என்று ஒருத்தி தனக்குள் சொல்லிக்கொள்வது தாய்மொழியில். அதனால் வாக்கியம் தமிழில் இருக்கட்டும், தொழில் சொற்கள் அவள் வார்டில் புழங்கும்படியே தமிழ் எழுத்தில் இருக்கட்டும். தமிழும் ஆங்கிலமும் அடுத்தடுத்து அச்சிட்டுக் கொடுப்பதும் தப்பில்லை. ஆனால் அப்படிச் செய்தால் நீங்கள் சோதித்தது இருமொழி வடிவம், தமிழ் வடிவம் அல்ல. ஆய்வேட்டில் அப்படியே எழுதிவிடுங்கள்.

விடைக் கட்டங்களையும் ஒரு கண் பாருங்கள். ஏழு படிகளுக்கும் தமிழில் பெயர் வைக்கப் போகிறவர்கள் நடுவில் 'சுமார்' என்று எழுதிவிடுவார்கள். எழுத்தில் சுமார் என்றால் ஏறத்தாழ. பேச்சில் "சாப்பாடு சுமார்தான்" என்றால் நன்றாக இல்லை என்று பொருள். நடுப்புள்ளியாக நீங்கள் வைத்தது அவளுக்குக் கீழ்ப்புள்ளியாகிவிடும். 'ஓரளவு', 'கொஞ்சம்', இவற்றில் எது பெரியது என்று பத்துப் பேரைக் கேட்டால் சண்டை வரும். இரு முனைகளுக்கு மட்டும் சொல், நடுவில் வெறும் எண்கள். மூல அளவுகோலின் அமைப்பை மாற்றுவதாக இருந்தால் உருவாக்கியவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். முன் அனுமதி வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன், வாங்கவில்லையென்றால் மற்றதெல்லாம் அப்புறம்.

நிபுணர் கையெழுத்துக்கு வருவோம். 'இந்தக் கருவியைச் சரிபார்த்தேன்' என்று லெட்டர்ஹெட்டில் ஒரு வரி எழுதி வாங்குவதற்குப் பெயர் உள்ளடக்க ஏற்புடைமை இல்லை. ஒவ்வொரு வினாவுக்கும் 1 முதல் 4 வரை பொருத்த மதிப்பெண் வாங்குங்கள். 3 அல்லது 4 கொடுத்தவர்களின் விகிதம்தான் அந்த வினாவின் சி.வி.ஐ., அதாவது உள்ளடக்க ஏற்புடைமைக் குறியீடு. லின் 1986-இல் சொன்ன கணக்குப்படி ஐந்து பேர் அல்லது அதற்குக் குறைவு என்றால் அத்தனை பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆறு முதல் பத்துப் பேர் என்றால் 0.78 போதும் என்பது போலிட்டும் பெக்கும் 2006-இல் தந்த அளவு, எல்லா வினாக்களின் சராசரி 0.90 இருக்க வேண்டும். உங்களிடம் ஐந்து பேர் இருக்கிறார்கள், இன்னும் மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஒருவராவது வார்டில் இருபது வருஷம் நின்ற ஸ்டாஃப் நர்ஸாக இருக்கட்டும். பேராசிரியர்களாகவே அடுக்கினால் எல்லாம் 4 வரும். வார்டு சிஸ்டர்தான் "இதை நாங்க எங்க செய்யுறோம், அதுக்குத் தனி ஆள் இருக்காங்களே" என்று சொல்வார். அந்த ஒரு வரி பத்து சர்டிபிகேட்டுக்குச் சமம்.

இப்போது அமைப்பு. ஆறு பிரிவுகள் ஸ்வீடனில் கிடைத்தன. இங்கே மாணவிகளின் பதில்களும் அதே ஆறாகப் பிரிகின்றனவா? 60 பேரை வைத்து இதைச் சொல்ல முடியாது. எந்த வினாக்கள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுக்கு, வினா ஒன்றுக்கு ஏழு பேர் என்ற காஸ்மின் (அளவுகோல்களின் தரத்துக்கான வழிகாட்டி) கணக்கில் 245, பத்துப் பேர் என்ற பழைய கணக்கில் 350. 300 பேரை இலக்காக வையுங்கள், மூன்று நான்கு கல்லூரிகளிலிருந்து. புதிய கல்லூரிகளைச் சேர்ப்பதால் எதிக்ஸ் கமிட்டிக்குத் திருத்த விண்ணப்பம் போட வேண்டும், அதை இந்த வாரமே போடுங்கள்.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் 'ஐகன் மதிப்பு ஒன்றுக்கு மேல், வேரிமேக்ஸ்' என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம். அமைப்பு ஏற்கெனவே தெரிந்திருக்கும்போது நேரடியாக உறுதிப்படுத்தும் பகுப்பாய்வு, சி.எஃப்.ஏ. செய்யுங்கள். ஆர் (R) மென்பொருளில் 'லவான்' இருக்கிறது, கோடிங் பயமென்றால் ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம். விடைகள் படிநிலை வகை, பெரும்பாலும் 5, 6, 7-இல் குவிந்திருக்கும், அதற்கேற்ற மதிப்பீட்டு முறையைத் தேர்ந்தெடுக்க ஒரு புள்ளியியலாளரிடம் அரை மணி நேரம் உட்காருங்கள். அமைப்பு தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்களுக்கு, சி.எஃப்.ஐ. 0.95-க்குக் குறையாமல், ஆர்.எம்.எஸ்.இ.ஏ. 0.06-ஐத் தாண்டாமல் என்று ஹூவும் பென்ட்லரும் 1999-இல் சொன்ன எல்லைகளை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவை வழிகாட்டிதான், வேதவாக்கு இல்லை. எண் வரவில்லை என்பதற்காக மென்பொருள் பரிந்துரைக்கும் பிழை இணைப்புகளை (இரண்டு வினாக்களின் பிழைகளை ஒன்றோடொன்று கட்டுவது) ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகாதீர்கள், எதையும் அப்படிப் பொருந்த வைத்துவிடலாம். இரண்டு பிரிவுகளுக்கிடையே ஒட்டுறவு 0.9-க்கு மேல் போனால் மாணவிகள் அந்த இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கவில்லை என்று பொருள். பராமரிப்பும் விழுமியமும் அப்படிக் கலந்துவிட்டால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. அது உங்கள் தோல்வி இல்லை, அதுதான் கண்டுபிடிப்பு. அமைப்பு பொருந்தாமல் புதிதாகத் தேட வேண்டி வந்தால், தேடியதற்கும் உறுதிப்படுத்துவதற்கும் ஒரே ஆட்களைப் பயன்படுத்தாதீர்கள். தானே கேள்வி எழுதி, தானே பரீட்சை எழுதி, தானே திருத்திக்கொள்வது மாதிரி அது.

தாளை யார் கொடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். ஒரு கல்லூரியில் நான் கொடுத்தனுப்பிய தாள்களை வகுப்பு ஒருங்கிணைப்பாளரே வாங்கி, அட்டெண்டன்ஸ் வரிசையில் பெயர் கூப்பிட்டு விநியோகித்து, ரோல் நம்பர் எழுதச் சொல்லிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான், ஒன்றும் தொலையக் கூடாதே என்று. திரும்பி வந்ததில் 6-க்குக் கீழே தேட வேண்டியிருந்தது. இன்டர்னல் மார்க் போடுகிறவர் கையில் போகும் தாளில் "எனக்கு இது வராது" என்று எந்தப் பெண் எழுதுவாள்? அத்தனையையும் ஒதுக்கிவிட்டு வேறு கல்லூரிக்குப் போனேன். நீங்களே போங்கள், பெயர் வேண்டாம், மூடிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு பிரிவில் 15 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் உச்ச மதிப்பெண்ணில் நின்றால் அந்தப் பிரிவு மாணவிகளைப் பிரித்துக் காட்டும் வலுவை இழந்துவிட்டது, அதை மறைக்காமல் எழுதுங்கள்.

மறுசோதனை: ஐம்பது பேருக்கு இரண்டு வாரம் கழித்து அதே தாள். அந்த இரண்டு வாரத்துக்கு நடுவில் புதிதாக ஐ.சி.யூ. போஸ்டிங்கோ, செமஸ்டர் தேர்வோ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் மாறுவது கருவியா மாணவியா என்று தெரியாது. பியர்சன் ஒட்டுறவு போட்டு நிறுத்தாதீர்கள். இரண்டாம் முறை எல்லோரும் சரியாக ஒரு புள்ளி கூட்டிப் போட்டாலும் பியர்சன் 1 என்றே காட்டும். ஐ.சி.சி. (உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு) கணக்கிடுங்கள், அதிலும் உடன்பாட்டைப் பார்க்கும் வகையை.

குழு ஒப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. நான்காம் ஆண்டுக்காரர்கள் முதலாம் ஆண்டுக்காரர்களைவிட அதிகம் போட வேண்டும், அப்படி வந்தால் கருவி சரி என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. ஆனால் முதலாம் ஆண்டுப் பெண் மேனிக்வின் பொம்மையில் ஊசி போட்டுப் பழகியவள், எல்லாவற்றுக்கும் தைரியமாக 6 போடுவாள். நான்காம் ஆண்டுப் பெண் இரவுப் பணியில் ஒரு நோயாளி கண்ணெதிரே சரிவதைப் பார்த்தவள், 4 போடுவாள். எண் தலைகீழாக வரும். 1999-இல் க்ரூகரும் டன்னிங்கும் எழுதியது இந்த மாதிரி விஷயத்தைப் பற்றித்தான்: குறைவாகத் தெரிந்தவர்களுக்குத் தங்களுக்கு எவ்வளவு தெரியாது என்பதும் தெரிவதில்லை. அதனால் முதலாம் ஆண்டை விட்டுவிடுங்கள். மூன்றாம் ஆண்டையும் இன்டர்ன்ஷிப்பில் இருப்பவர்களையும் ஒப்பிடுங்கள், எந்தப் பிரிவில் வித்தியாசம் எதிர்பார்க்கிறீர்கள் என்பதைத் தரவு சேகரிக்கும் முன்பே எழுதி வையுங்கள். தலைமைப் பிரிவில் வித்தியாசம் வரும் என்று முன்கூட்டி எழுதி அது வந்தால் அதற்கு மதிப்பு. எல்லாம் வந்த பிறகு கதை சொல்வதற்கு இல்லை.

ஆஸ்கி, அதாவது செய்துகாட்டும் செய்முறைத் தேர்வின் மதிப்பெண் கைக்கு எட்டுமானால் அதையும் சேர்க்கலாம். ஆனால் பெரிய ஒட்டுறவை எதிர்பார்க்காதீர்கள். மருத்துவர்களின் சுயமதிப்பீட்டையும் வெளியிலிருந்து அளந்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளை 2006-இல் டேவிஸ் குழுவினர் தொகுத்தபோது 20 ஒப்பீடுகளில் 13-இல் உறவு மிகக் குறைவாகவோ, இல்லாமலோ, எதிர்மாறாகவோ இருந்தது. இதனால் சுயமதிப்பீடு குப்பை என்று ஆகிவிடாது. ஒரு மாணவி தன்னைப் பற்றி என்ன நம்புகிறாள் என்பது, எதைக் கேட்கத் தயங்குவாள், எதில் துணிந்து இறங்குவாள் என்பதைத் தீர்மானிக்கிறது. அதை அளப்பது பயனுள்ள வேலை. ஆய்வேட்டின் தலைப்பில் மட்டும் 'தொழில்திறன்' என்று மொட்டையாக எழுதாமல் 'சுயமதிப்பீட்டுத் தொழில்திறன்' என்று எழுதுங்கள். முடிவுரையில் "நமது மாணவிகள் 82 சதவீதம் திறன் பெற்றுள்ளனர்" என்ற வகை வாக்கியம் தப்பித்தவறியும் வந்துவிட வேண்டாம்.

ஸ்வீடன் சராசரியோடு ஒப்பீடு: வேண்டாம். இரண்டு நாட்டு மூலத் தரவையும் ஒன்றாக வைத்து, அமைப்பு ஒன்றா, வினாக்களின் எடை ஒன்றா, தொடக்கப்புள்ளி ஒன்றா என்று படிப்படியாகச் சோதித்த பிறகுதான் சராசரிகளை அருகருகே வைக்கலாம். உங்களிடம் அவர்கள் தரவு இல்லை. நம் பெண்கள் 6.1, அவர்கள் 5.4 என்று வந்தால் நாம் மேலா? நம் பெண்களுக்கு 4 போடக் கூச்சம் என்பதாகவும் இருக்கலாம், தன்னடக்கத்தில் 7 போடக் கூச்சம் என்றும் இருக்கலாம். இரண்டு கூச்சத்தையும் நான் பார்த்திருக்கிறேன், சில சமயம் ஒரே வகுப்பில்.

நான்கு மாதம் போதும், இறுக்கமாகத்தான் இருக்கும். முதல் மூன்று வாரம் பத்துப் பன்னிரண்டு மாணவிகளோடு உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வைக்கும் வேலை, தமிழ் வழியில் பள்ளிப் படிப்பு முடித்தவர்களும் ஆங்கில வழியில் வந்தவர்களும் அதில் கலந்திருக்க வேண்டும். திருத்தி, நிபுணர்களிடம் மறுபடி மதிப்பெண் வாங்கி, திருத்திய தாளை முப்பது பேரிடம் கொடுத்துப் பார்க்க இன்னொரு மூன்று வாரம். பிறகு 300 பேர், மறுசோதனை, கணக்கு. பீட்டன் சொன்னபடி எல்லாம் செய்ய நேரம் இல்லாவிட்டால் மறுசோதனையைச் சுருக்குங்கள், ஆஸ்கியை விடுங்கள். அந்த முதல் மூன்று வாரத்தை மட்டும் விடாதீர்கள்.

ஏற்கெனவே நிரப்பி வாங்கிய அந்த 60 தாள்களைக் கழித்துக்கட்ட வேண்டாம். இன்று ராத்திரி மேசையில் பரப்பிப் போட்டுப் பாருங்கள். எந்த வினாவைப் பலர் காலியாக விட்டிருக்கிறார்கள், எதில் ஒரு எண்ணைப் போட்டு அடித்துவிட்டு இன்னொன்று போட்டிருக்கிறார்கள், எந்தச் சொல்லுக்கு மேலே பென்சிலால் ஆங்கில அர்த்தம் எழுதியிருக்கிறார்கள் என்று. முதலில் திருத்த வேண்டிய வினாக்களை அவர்களே குறித்துக் கொடுத்திருப்பார்கள்.